கோவிந்தம்மா கூடையில பண்ணை எறா

இன்னிக்குக் காலையில ஆந்திரா பார்டர்ல இருக்கற தடா மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். கோவிந்தம்மா கூடையைப் பார்த்ததும் எப்பவும்போல வம்பிழுத்தேன்.

"இன்னாம்மா, பண்ணை எறாவை ஏரி எறான்னு சொல்லி இன்னிக்கு யாரை ஏமாத்தப் போற?"

இப்படிக் கேட்டா தராசைத் தூக்கிக்கினு அடிக்க வரும். இன்னிக்கு வரலை.

"ஆமாண்ணே, பண்ணை எறாதான். வேணும்னா எடுத்துக்க."

எனக்குச் சிரிப்பு பாதியில நின்னுபோச்சு.

பழவேற்காடு ஏரியில எந்த இடத்துல யார் வலை போடறதுன்னு சீட்டு குலுக்கி முறை வெப்பாங்க. அதுக்குப் பேரு பாடு. நல்ல பாடு வரட்டும்னு ரொம்ப நாளா காத்துக்கினு இருந்த குடும்பம் கோவிந்தம்மாவோடது. இந்த வாரம்தான் வந்திருக்கு.

"வந்து இன்னா பண்றது? முகத்துவாரத்தை மண்ணு மூடிக்கிச்சு. கடல் தண்ணி உள்ள வந்தாதானே எறா குஞ்சும் வரும்? எங்க வூட்டுக்காரர் வலையில பாசியும் பிளாஸ்டிக் கவரும்தான் வந்துச்சு."

"மண்ணை வெட்டி வுடறதுதானே?"

"ஊர் ஆம்பளைங்க எல்லாம் மம்முட்டி எடுத்துக்கினு போய் வெட்டினாங்கண்ணே. அலை திரும்பக் கொண்டாந்து கொட்டிடுச்சு."

"மீன்வளத்துறை ஆபீசுல சொன்னீங்களா?"

"சொன்னோம். தெலுங்குல 'சூஸ்தாம்', பார்க்கலாம்னாங்க. பார்த்துக்கினே இருக்காங்க."

அரைக்கிலோ வாங்கிக்கினு வந்துட்டேன்.

குழம்பு நல்லாத்தான் இருக்கு. வூட்ல யாருக்கும் வித்தியாசம் தெரியலை.

கடலையே உள்ள வர வெக்கிற வழி யாருக்காவது தெரிஞ்சா கீழ எழுதுங்க. இல்லன்னா, அடுத்த தபா அந்தம்மாகிட்ட இன்னா பேசறதுன்னாவது சொல்லுங்கப்பா.