இரண்டு வாரம் என்று சொன்னேன்

"எத்தனை நாளாக வலி?" என்று மருத்துவர் கேட்டபோது, "இரண்டு வாரமாக" என்று பொய் சொன்னேன். மூன்று மாதம் ஆகியிருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த என் பேத்தி, பன்னிரண்டு வயதுப் பெண், என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு வீங்கியிருந்த தன் முழங்காலைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். யாராவது சுளுக்கு எடுத்தார்களா என்பது அடுத்த கேள்வி. இல்லை என்றேன். அந்த அறையில் என் மருமகளும் இருந்தாள். நான் சொன்னதை அவள் நம்பினாள். என்னை நம்பாமலிருக்க அதுவரை அவளுக்குக் காரணம் ஏதும் இல்லை.

முப்பது வருடம் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் கற்பித்தவன் நான். எலும்பின் குறுக்குவெட்டைப் புத்தகம் பார்க்காமல் கரும்பலகையில் வரைவேன். ஓய்வுபெற்ற பிறகு பிரிக்பீல்ட்ஸில் மகன் வீட்டோடு வந்துவிட்டேன். மகனுக்கு ஜோகூரில் வேலை, வார இறுதியில்தான் வருவான். மருமகள் சுபாங் ஜெயாவில் ஓர் அலுவலகத்துக்குப் போய்வந்தாள். பள்ளி விட்டு வரும் பேத்தி என் பொறுப்பு. பள்ளி ஓட்டக் குழுவில் இருந்தவள் அவள். முழங்கால் வலிக்கிறது என்று அவள் சொன்னபோது, "வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் லா" என்றேன். வீக்கம் கண்ணுக்குத் தெரிந்ததும் கிள்ளானில் சுளுக்கெடுக்கும் ஒரு பெரியவரிடம் அழைத்துப்போனேன். பந்து விளையாடிப் பிசகிய என் கணுக்காலை ஒரு காலத்தில் ஒரே வாரத்தில் சரிசெய்தவர் அவர். ரயிலில் ஆறு முறை போனோம். எண்ணெய் தடவி அவர் கட்டைவிரலால் அழுத்தும்போது அவள் என் சட்டைக் கையைப் பல்லால் கடித்துக்கொள்வாள். மருமகளுக்கு இந்த வைத்தியத்தில் நம்பிக்கை கிடையாது. தெரிந்தால் தடுத்துவிடுவாள். அதனால், "அம்மாகிட்ட சொல்லாதே, வீணா பயந்துக்குவா" என்று ஒவ்வொரு முறையும் சொல்லி, பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்துக் கூட்டிவந்தேன். அவள் சொல்லவில்லை.

எலும்புப் புற்றுநோய் என்று முடிவு வந்தது. அதற்குப் பிறகும் நான்கு நாட்கள் நான் வாயைத் திறக்கவில்லை. நான்காம் நாள் பிற்பகல் அவளே என் அறைக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். "தாத்தா, அந்தக் கிள்ளான் விஷயம் தெரியாம டாக்டர் மருந்து கொடுத்தா, மருந்து தப்பாயிடுமா?" நான்கு நாளாக அவள் அதை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். என் மானத்தைக் காப்பாற்றும் வேலையை ஒரு நோயாளிக் குழந்தையிடம் கொடுத்திருந்தேன்.

மறுநாள் மருமகளை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். "இப்பவாச்சும் சொன்னீங்களே, அங்கிள்." அழுத்தியதால்தான் முற்றியதா என்று கேட்டேன். அப்படி யாராலும் சொல்ல முடியாது, ஆனால் போன நாட்கள் போனவைதான் என்றார். கார் நிறுத்துமிடத்தில் மருமகள், "நீங்க படிச்சவர்னுதான் மாமா, பிள்ளைய உங்ககிட்ட விட்டுட்டுப் போனேன்" என்றாள். அதன் பிறகு பல மாதங்கள் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

காலைக் காப்பாற்றலாம் என்றுதான் மருந்து ஏற்றினார்கள். கட்டி சுருங்கவில்லை, ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டிருந்தது. தொடையோடு எடுத்துவிட்டார்கள்.

மருமகள் வேலையை விட முடியாது. வேறு ஆளும் இல்லை. ஆகவே பகலில் பார்த்துக்கொள்ளும் வேலை என்னிடமே வந்தது. மன்னித்து ஒப்படைத்ததாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. வாய்ப்புண்ணுக்குக் கஞ்சியை எந்தச் சூட்டில் ஆற்ற வேண்டும், வாந்திக்குப் பிறகு எவ்வளவு நேரம் அவளிடம் பேசக் கூடாது என்பதெல்லாம் பழகின. இல்லாத பாதத்தில் பெருவிரல் அரிக்கிறது என்பாள். அங்கே ஒன்றுமில்லை என்று முதல் நாள் சொன்னேன். "எனக்குத் தெரியாதா? ஆனா அரிக்குதே" என்று அழுதாள். அதற்குப் பிறகு அவள் வலி என்றால் வலி என்றே வைத்துக்கொண்டேன். இரவானால் என் உடம்பு ஓய்ந்துபோகும். உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிடுவேன்.

காலை எடுத்த பிறகும் மருந்து ஏற்றுவது தொடர்ந்தது. அந்த நாட்களில் காய்ச்சல் முப்பத்தெட்டைத் தாண்டினால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அறுவைக்குப் பின் முதன்முறையாக அவள் பள்ளித் தோழிகள் பார்க்க வருவதாயிருந்த நாள். தலையில் புதுத் துணி கட்டி மதியத்திலிருந்தே காத்திருந்தாள். கன்னம் சிவந்திருந்தது. வெப்பமானி வைத்துப் பார்த்தால் முப்பத்தெட்டு புள்ளி நான்கு.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க தாத்தா. அவங்க வந்துட்டுப் போகட்டும். ரெண்டு மணி நேரம்தானே லா."

நான் கைப்பேசியை எடுத்தேன்.

"உங்களுக்காக நான் சொல்லாம இருந்தேன்ல? நீங்க மட்டும் ஏன் மாட்டேங்கிறீங்க?"

மருமகளை அழைத்துச் சொல்லிவிட்டு, பேத்தியைத் தூக்கிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினேன். வழியெல்லாம் என் தோளில் குத்தினாள். ரத்தத்தில் கிருமி பரவத் தொடங்கியிருந்தது. தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் தாதி. மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான்காம் நாள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "இனிமே ஏதாச்சும்னா நானே அம்மாவுக்கு ஃபோன் அடிச்சிடுவேன். உங்ககிட்ட வரமாட்டேன்."

சொன்னபடியே செய்கிறாள். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. செயற்கைக் காலில் நடக்கிறாள், சோதனைகள் தொடர்கின்றன. சென்ற வாரம் நல்ல காலில் வலி கண்டது. எதிரில் நான் உட்கார்ந்திருக்கும்போதே அம்மாவை அழைத்தாள். எந்த இடம், எந்தக் கிழமையிலிருந்து, அழுத்தினால் எப்படி என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். பேசி முடித்து, "தாத்தா, கார் கூப்பிடுங்க. அம்மா நேரா அங்க வந்துடுவாங்க" என்றாள். எங்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி பழுதாகியிருந்தது. தோளைக் கொடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினாள். நான் ஒரு படி முன்னால், அவளைப் பார்த்தபடி, பின்பக்கமாகவே இறங்கினேன்.