அணைத்த எஞ்சின்

செல்லத்தாயின் காது நன்றாகக் கேட்கும். கேட்காது என்று அவளையே நம்பவைத்தவன் நான்.

இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லும்போதும் நெஞ்சு மரத்துத்தான் கிடக்கிறது.

எழுபதுகளின் நடுவில் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தேன். நான் வளர்ந்த கல்பாத்தித் தெருவில் சைக்கிள்கூட ஒழுங்காக ஓட்டாத எனக்கு மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். ஓட்டக் கற்றுக்கொடுத்த ஜீப் டிரைவர் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார்: மண் சரிவில் எஞ்சினை அணைக்கக் கூடாது, முதல் கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், நனைந்த பிரேக்கை நம்பக் கூடாது.

தெரியாமலா செய்தேன்? தெரிந்துதான் செய்தேன்!

வண்டிச் சத்தம் கேட்டாலே காய் எடுக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திக் குனிந்துவிடுவார்கள். அவர்களைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. மேட்டிலேயே எஞ்சினை அணைத்துவிட்டு ஓசையின்றி இறங்குவேன். வெற்றிலை வாயோடு அவர்கள் பதறி எழுவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்... எவ்வளவு அற்பம்!

அன்று மழை அப்போதுதான் விட்டிருந்தது. வளைவில் செல்லத்தாய், முதுகில் காய்ச்சாக்குடன், பாதை நடுவே போய்க்கொண்டிருந்தாள். பிரேக் பிடிக்கவில்லை. ஹாரன்? அடிக்கத் தோன்றவேயில்லை. சக்கரம் அவள் காலில் ஏறியது.

ஆட்கள் ஓடிவந்தார்கள். அவள் வலியைச் சொல்லவில்லை.

"சத்தமே கேக்கலையேய்யா... என் காது செத்துப்போச்சா?"

"எத்தனை தடவை ஹாரன் அடிச்சேன்" என்றேன்.

கால் எலும்பு கூடிவிட்டது. ஆனால் யானை நடமாடும் காட்டில் காது கேளாதவளை விடலாமா என்று, காய் தரம் பிரிக்கும் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். பரிந்துரைத்தவனும் நானே! புருஷன் அவளிடம் கத்திப் பேசப் பழகினான். கூட இருந்தவர்கள் பேசுவதையே குறைத்துக்கொண்டார்கள். தெளிவாகக் காதில் விழுந்ததையும் அவள் இரண்டாம் முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

தோட்டத்தை விட்டுக் கிளம்பிய நாளில், சொல்லிவிடலாம் என்றுதான் கொட்டகைக்குப் போனேன். வாசலில் நின்று மிக மெல்ல, "செல்லத்தாய்" என்றேன்.

சட்டென்று திரும்பினாள். பிறகு, பழக்கதோஷத்தில், காதுக்குப் பின்னால் கையைக் குவித்தாள்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கய்யா."

பத்துப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"போயிட்டு வரேன்" என்று கத்தினேன்.