நூற்று நாற்பதுக்கு நூற்றுப் பத்து

பெம்பானில் மழை வந்தால் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். தகரக் கூரைச் சத்தத்தில் கத்திப் பயனில்லை. மழை விட்டதும், விட்ட சொல்லிலிருந்தே பேச்சு தொடர்கிறது. மலேசியாவின் இந்த மலாக்கா மாநிலத்துக்கு வந்த முதல் வாரமே இதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பல்லாவரத்தில் அம்மா இதையே விமானத்துக்குச் செய்வாள். தலைக்கு மேல் ஜெட் போகும்வரை திட்டுவதை நிறுத்திவைத்து, போனதும் அதே வேகத்தில் எடுப்பாள்.

நான் இங்கே என்ன வேலை பார்க்கிறேன் என்று ஊரில் கேட்கிறீர்கள். தொழிற்சாலைகளில் சத்தத்தை அளக்கிறேன். கையில் டெசிபல் மீட்டர் இருந்தால் சும்மா இருக்க முடியுமா? கூரை மழை தொண்ணூறு. வீட்டுக்கார அக்காவின் மிக்ஸி அதற்குக் கொஞ்சம் கீழே. பக்கத்திலிருந்து கேட்டால் ஜெட் இஞ்சின் நூற்று நாற்பது என்பது புத்தகக் கணக்கு.

அக்காவின் கணவர் மணியண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், ஓய்வு நாளில் உறுமி அடிக்கிறார். திருவிழா நெருங்கும்போது கோயில் தலைவர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சில் ஒரு ‘லா’ ஒட்டி, ஒரு குண்டைப் போட்டார்.

“ஜெட் இஞ்சினே தோத்துப்போவும் லா! இந்த வருஷம் ஊர்வலத்துல உறுமி வேணாம், மணி.”

வருஷம் முழுக்கப் பையன்களைப் பழக்கியவர் அண்ணன். அன்று சோற்றைப் பிசைந்தாரே தவிர, சாப்பிடவில்லை. எனக்கோ ஒரே உற்சாகம். “அளந்து காட்டிடலாம் அண்ணே!”

கோயில் திடலில் அடித்தார்கள். நூற்றுப் பத்து! ஜெட்டுக்குப் பக்கத்திலேயே வரவில்லை என்று வெற்றியோடு அறிவித்தேன்.

தலைவர் யோசித்தார். “நூத்தி நாப்பதுக்கு நூத்திப் பத்தா? அது நல்ல மார்க்காச்சே, தம்பி!”

மார்க் என்றதும் பையன்களுக்கு ரோஷம் வந்துவிட்டது. “இன்னொரு தடவ அளங்க சார்!” என்று முன்னைவிட ஓங்கி அடித்தார்கள். முள் மேலே போயிற்று. என் வக்காலத்து கீழே போயிற்று.

“ஐயோ, இது பரீட்சை இல்லை! பத்து கூடினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு. ஜெட் உங்களைப் போல ஆயிரம் மடங்கு!”

“அப்ப ஜெட்ட முந்த ஆயிரம் செட்டு உறுமி வேணுமா?” என்றார் அண்ணன், ஏக்கத்தோடு.

தலைவர் திடலை ஒரு முறை சுற்றிப் பார்த்தார். நாலு செட்டுக்கே இடமில்லை. ஜெட் தோற்க வழியே இல்லை என்று அவர் முகம் தெளிந்தது. “சரி, ஒரு செட்டு போவட்டும். ஆனா ஊர்க்காரத் தம்பி மீட்டரோட முன்னால நடக்கணும். நூத்திப் பத்தத் தாண்டினா கையத் தூக்கு. அங்கயே நிறுத்திப்புடுவேன்.”

இந்தியாவிலிருந்து வந்தவனுக்கு இங்கே ஊர்க்காரன் என்று பேர். ஊர்க்காரனுக்குப் பாரபட்சம் இருக்காதாம்.

ஊர்வலத்தன்று முதல் தெரு தாண்டுவதற்குள் முள் நூற்றுப் பத்தைத் தாண்டிவிட்டது. அண்ணன் அடித்தபடியே என்னைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவன் ஆயிற்றே, மனசைக் கல்லாக்கிக் கையைத் தூக்கினேன். பின்னால் வந்த கூட்டம் அதை ஆட்டம் என்று நினைத்துக்கொண்டது. “சார் ஆடறாருடா!” என்று அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். உறுமி இன்னும் ஏறியது. குனிந்து பார்த்தால், என் கால்கள் நிஜமாகவே ஆடிக்கொண்டிருந்தன.

தலைவர் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார். நிறுத்தச் சொன்னார், யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் என் காதருகே வாயை வைத்து, “நீ எந்தப் பக்கம் லா, தம்பி?” என்று கத்தினார்.

பதில் சொன்னேன். அந்த உறுமியில் அது எனக்கே கேட்கவில்லை.