நூறு வீதம்

காலையில் குசினியில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு, கைத்தொலைபேசியை ஒரு தரம் தொடுவேன். வெளியே பனிக்குள் நிற்கும் கார் தானாகச் சூடேறத் தொடங்கும். நான் குடித்து முடித்துப் போய் ஏறும்போது கண்ணாடியில் பனி இருக்காது, இருக்கை இளஞ்சூடாக இருக்கும். பக்கத்து இருக்கையும் அப்படித்தான். அதில் யாரும் இருப்பதில்லை. மனைவி காலமாகி மூன்று வருடங்கள், மகள் ஒஸ்லோவில். நோர்வேயின் மேற்குக் கரையில், பதினைந்து நிமிடத் தூரத்தில் உள்ள மீன் தொழிற்சாலைக்கு நான் தனியாகப் போய் வருகிறேன்.

பெற்றோல் வரிசையில் நின்று வாகனத்துக்குள்ளேயே நித்திரை கொண்ட ஊர்ச் சனங்களே, வயிறெரியாமல் கேளுங்கள்: மின்சாரக் கார் வைத்திருப்பது உண்மையிலேயே சுகம். மாலையில் வீட்டுச் சுவரில் கொளுவிவிட்டால் விடியும்போது சார்ஜ் ஏறியிருக்கும். கையில் எண்ணெய் மணம் இல்லை, இரைச்சல் இல்லை. மிதியிலிருந்து காலை எடுத்தாலே வேகம் தணிகிறது. மலை இறங்கும்போது கொஞ்சம் சார்ஜ் திரும்பவும் ஏறுகிறது. இறக்கத்தில் லாபம் பார்க்கும் வாகனத்தை நான் வேறு எங்கும் கண்டதில்லை. ஒரேயொரு நட்டம், பெற்றோல் நிலையத்தில் மிச்சக் காசு தரும்போது "ஹை" என்று சிரிக்கும் பெண்ணை இப்போது காண்பதில்லை. சில சனி, ஞாயிறுகளில் என் குரலை நானே கேட்பதில்லை.

பக்கத்து வீட்டு ஊலாவ் ஓய்வுபெற்ற மனிதர். போன மாதம் என் தொலைபேசியில் காருக்கான செயலியை அவர்தான் பொறுமையாகப் போட்டுத் தந்தார். அடுத்த நாள் விடிய எழுந்து பார்க்கிறேன், எண்பது வீதத்தில் சார்ஜ் நின்றுவிட்டது. கம்பியைக் கழற்றுவதும் கொளுவுவதுமாக முற்றத்துப் பனியில் நின்றேன். நான் படும் பாட்டை ஜன்னலால் கண்டு ஊலாவ் வந்தார்.

"பழுது ஒன்றும் இல்லை. நான்தான் எண்பதில் நிறுத்திவைத்தேன். பற்றரிக்கு அதுதான் நல்லது. எங்கே பயணம் போகிறாய்?"

"எங்கும் இல்லை."

"அப்படியானால் எதற்கு நூறு?"

"ஏதாவது வந்தால்..." என்றேன். அதற்கு மேல் எனக்கு நோர்வே மொழி வரவில்லை.

"பனிப்புயலா?"

"ஓம், பனிப்புயல்" என்று ஒத்துக்கொண்டேன். 'ஓம்' மட்டும் தமிழில் வந்தது. அவருக்கு விளங்கியதோ என்னவோ, தலையாட்டிவிட்டுப் போனார்.

பனிப்புயலுக்குப் பயந்த ஆள் இல்லை நான். நாங்கள் போர் நடந்த கிழக்குக் கரையில், சம்பூர் ஆட்கள். பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினோம். உதைத்து எழுப்புவதற்கு மட்டும் சின்ன மருந்துப் போத்தலில் இருந்து இரண்டு சொட்டுப் பெற்றோல் விடுவோம். ஷெல்லுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிய அன்று மோட்டார் சைக்கிள் டாங்கியின் அடியில் கொஞ்சம் மண்ணெண்ணெய்தான் இருந்தது. முதல்நாள் நிரப்பியிருக்கலாம், நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். மனைவியையும் கைக்குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, அண்ணனிடம், "சந்தியில நில்லுங்கோ அண்ணை, இவையை விட்டிட்டு வந்து ஏத்துறன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். வெருகல் ஆற்றங்கரையோடு எண்ணெய் தீர்ந்தது. கண்ட ஆட்களிடம் எல்லாம் போத்தலை நீட்டினேன், யாரிடமும் இல்லை. அண்ணன் மற்றவர்களோடு போகாமல் அந்தப் பகல் முழுக்கச் சந்தியில் நின்றிருக்கிறார். ஷெல் விழுந்த பிறகுதான் நடக்கத் தொடங்கியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தபோது வலது காது கேட்காமல் போயிருந்தது. "ஏன் வரேல்லை?" என்று அவர் அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகும் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான் இன்னும் ஊருக்குப் போகவில்லை. விடுமுறை இல்லை என்று சொல்வதெல்லாம் பொய்.

அண்ணன் இப்போது சம்பூரில் திரும்பக் குடியேறித் தோட்டம் செய்கிறார். ஊலாவோடு கதைத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை, காருக்குள் இருந்தபடி அவரை வீடியோ அழைப்பில் எடுத்து, கார்த் திரையைக் காட்டினேன். மறுபடியும் நூறாக்கியிருந்தேன்.

"முழுக்க நிரப்பி வச்சிருக்கிறாய். எங்க போகப் போறாய்?" தொலைபேசியை இடது காதுப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒரு இடமும் இல்லை அண்ணை."

"அப்ப சம்பூருக்கு வாவன்." சிரித்தார்.

"இதில ஏலாது. நடுவில கடலெல்லே."

"கடல் இல்லாட்டி வந்திருப்பியோ?"

அவர் பகிடியாகத்தான் கேட்டார். எனக்கு அது இத்தனை வருடமும் நான் பயந்த கேள்வியாகவே கேட்டது.

"அண்டைக்கு எண்ணெய் முடிஞ்சு போச்சு அண்ணை. இல்லாட்டி வந்திருப்பன்."

அண்ணன் தொலைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தார்.

"தெரியும். நீ வருவாயெண்டு தெரிஞ்சபடியால்தானே நிண்டனான்."

அவர் என்னை மன்னித்துத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. காருக்குள் இருந்து அழுதேன். இது சத்தமில்லாத கார், அழுவது நன்றாகக் கேட்டது.

ஊலாவ் நல்ல மனதோடு இன்னொன்றும் சொல்லித் தந்திருக்கிறார்: தனியாகப் போகிறவன் பக்கத்து இருக்கையின் சூட்டை நிறுத்திவைத்தால் சார்ஜ் மிச்சமாகும். செயலியில் எந்த இடத்தைத் தொட வேண்டும் என்றும் எனக்குத் தெரியும். இன்று காலையும் இரண்டு இருக்கைகளும் சூடாகத்தான் இருந்தன. கார் நூறு வீதத்தில் நின்றது. நான் கதவைத் திறந்து ஏறி, மீன் தொழிற்சாலைக்குப் போனேன்.