பதினேழாம் நம்பர் மட்டும் ஓடியது

நெட்டையனுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. சனிக்கிழமை காலையில் ஸ்டூலில் உட்கார்ந்தவன், ஞாயிறு மத்தியானம் தாண்டியும் சரியாக எழுந்திருக்கவில்லை. முதுகை நிமிர்த்தினால் கீழே ஒரு நரம்பு சுரீர் என்று இழுத்தது. மூட்டை தூக்கிய அப்பனுக்குப் பிறந்தவன், இடுப்பு வலி அவனுக்குப் பரம்பரைச் சொத்து. ஆனால் அப்பனுக்கு வலித்த நாட்களில் ஒரு லாரியாவது காலியாகியிருக்கும். இவன் ஒன்றரை நாள் உட்கார்ந்தும் ஒரு மண்ணும் நகரவில்லை.

இது நடந்தது. அவனே என்னிடம் சொன்னது. நெட்டையனுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் அவன் அக்கா புருஷன் அவனைக் கல்லாவில் உட்கார வைத்திருப்பார், பின்னறையில் ஸ்க்ரூடிரைவரோடு விட்டிருக்க மாட்டார். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இருட்டினால்தான் இதெல்லாம் வரும் என்று தைரியமாக இருக்காதீர்கள். இது பட்டப்பகல். வெளியே மழை, உள்ளே ட்யூப்லைட், அவ்வளவுதான்.

கடை பழைய லேப்டாப்பை வாங்கிச் சரிசெய்து விற்கிற கடை. சரக்கு யார்டில் சுமை தூக்குகிறவர்களின் பிள்ளைகளுக்காக ஒரு மாலைப் பள்ளி இருந்தது. அங்கே நாற்பது பிள்ளைகள், நாற்பது லேப்டாப். ஆர்டரைப் பிடித்துக் கொண்டுவந்தவன் ஊதி. நெட்டையனோடு அதே மேஜையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து வேலை பார்த்தவன். அவன் மகளும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறாள். "பொம்பளப் புள்ள, அவளாவது உக்காந்து சம்பாதிக்கட்டும்டா" என்பான்.

ஊதி என்று பேர் வந்த காரணம் எளிது. எதையும் ஊதாமல் தொட மாட்டான். ஸ்லாட்டை ஊதுவான், ஸ்க்ரூவை ஊதுவான், ஆறிப்போன டீயையும் ஊதுவான். எப்போதும் இரண்டு தடவை. ஃபூ... ஃபூ. "முதல் ஊது தூசிக்கு, ரெண்டாவது ஊது நம்ம திருப்திக்கு" என்று கண்ணடிப்பான். இரண்டு மாதம் முன்பு, டீ குடிக்கப் போனவனை ரிவர்ஸ் எடுத்த லாரி ஒன்று சுவரோடு வைத்து நசுக்கிவிட்டது. அவன் கொடுத்த வாக்கு மட்டும் மேஜையில் மிச்சம் இருந்தது. திங்கட்கிழமை காலை நாற்பதும் ஓட வேண்டும்.

ஓடவில்லை.

ஒரே கம்பெனி, ஒரே மாடல், எல்லாம் பழசு. புதுச் சிஸ்டம் ஏற்றினால் முதலில் நன்றாகத்தான் ஓடும். மூடியை மூடித் தூங்க வைத்துத் திறந்தால் போச்சு. இரண்டாயிரத்து நானூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட வேண்டிய ப்ராசஸர் எண்ணூறில் வந்து படுத்துக்கொள்ளும். அப்புறம் எழுத்து ஒன்றைத் தட்டினால் அது திரையில் வருவதற்குள் கொட்டாவி வந்துவிடும். கோளாறு ப்ராசஸரில் இல்லை. அதன் வேகத்தை ஏற்றி இறக்கும் டிரைவரில் இருந்தது. டிரைவர் என்றால் மேஸ்திரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடு என்றால் ஆள் ஓடுவான், உட்கார் என்றால் உட்காருவான். இந்த மேஸ்திரி, தூங்கி எழுந்ததும் எல்லோரையும் உட்கார வைத்துவிட்டுச் சும்மா நிற்கிறான்.

நெட்டையன் டிரைவரின் நிரலைத் திறந்து ஒரு வரியை மாற்றுவான். மெஷினுக்குப் புரிகிற மாதிரி கட்டி ஏற்றுவான். மூடுவான், திறப்பான். எண்ணூறு. இன்னொரு வரி. எண்ணூறு. மாற்றியதையெல்லாம் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. எண்ணூறு. அந்த எண்ணைப் பார்த்தாலே அவனுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது.

போன் அடித்தது. அக்கா புருஷன்.

"என்னடா, ஓடுதா?"

"ஓடல மாமா."

"நேத்தும் இதையேதான சொன்ன?"

"நேத்தும் ஓடல மாமா."

"டீச்சரம்மா காலையிலேர்ந்து போன் மேல போன். நாளைக்கு வரலன்னா வேற கடை பாத்துக்குறாங்களாம். நாப்பதையும் கட்டிப் புடிச்சுக்கிட்டு நானும் உங்கக்காவும் தெருவுல நிக்கணும்."

"கத்துனா ஓடும்னா சொல்லுங்க. போனை மெஷின் காதுல வைக்கிறேன்."

"திமிரப் பாரு..." லைன் கட்டாகிவிட்டது.

அந்த எரிச்சலோடு எழுந்து, ரேக்கிலிருந்து கைக்கு வந்த இன்னொரு மெஷினை உருவினான். பதினேழாம் நம்பர். கடையில் ஒரு கண்டிப்பான பழக்கம் உண்டு. ரேக்கிலிருந்து எடுத்த மெஷினை முதலில் கவிழ்த்து அடியைப் பார்க்க வேண்டும். அடியில் சிவப்பு டேப் ஒட்டியிருந்தால், உள்ளே ஏதோ ஒரு பொருளைக் கழற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அன்றைக்கு நெட்டையன் கவிழ்க்கவில்லை. சோதித்துக்கொண்டிருந்த மெஷினின் டிஸ்க்கை உருவிப் பதினேழின் பக்கவாட்டில் செருகினான். பவரை அழுத்தினான்.

ஃபேன் சுற்றியது. ஒரே சீராக இல்லை. ஒரு மூச்சு, நிறுத்தம், இன்னொரு மூச்சு. அப்புறம் அமைதி.

பழைய ஃபேன், அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான்.

மூடினான். திறந்தான். எண்ணைப் பார்த்தான்.

இரண்டாயிரத்து நானூறு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மூடித் திறந்தான். அதே இரண்டாயிரத்து நானூறு. டிஸ்க்கை உருவிப் பழைய மெஷினிலேயே போட்டான். எண்ணூறு. திரும்பப் பதினேழில் போட்டான். இரண்டாயிரத்து நானூறு!

"உனக்கு மட்டும் என்னடா கேடு?" என்று அதைப் பார்த்துத் திட்டினான். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் அவனுக்குக் கோபம்தான் வந்தது. காரணம் தெரியாமல் சரியாக ஓடுகிற மெஷினைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

அப்போதுதான் மேஜையைக் கவனித்தான். பதினேழின் இடது மூலைக்கு அடியில் ஒரு மஞ்சள் துணி, நான்காக மடித்து வைத்திருந்தது. காற்று போகட்டும் என்று ஊதி அப்படித்தான் முட்டுக்கொடுப்பான். நெட்டையன் வைக்கவில்லை. வைத்த ஞாபகம் இல்லை. தூக்கக் கலக்கத்தில் நானே வைத்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டான்.

முழு வேகத்தில் ஓடுகிற பழைய லேப்டாப் தோசைக்கல் மாதிரி சுட வேண்டும். அவன் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

பச்சைத் தண்ணீர் மாதிரி சில்லென்று இருந்தது.

கையை எடுத்துவிட்டான். யோசிக்க நேரமில்லை. தூங்கி எழும்போது நடப்பதை வரிவரியாக எழுதிவைக்கும் பதிவைத் திறந்தான். கெட்ட மெஷினின் பதிவை ஒரு பக்கமும் பதினேழின் பதிவை மறுபக்கமும் வைத்துக்கொண்டு விரலால் தடவிக்கொண்டே வந்தான். எல்லா வரியும் ஒன்றுதான், ஒரே ஒரு வரியைத் தவிர. "வேகத் தடை நீங்கியது" என்று மெஷின் டிரைவருக்குக் கொடுக்கும் குரல். மற்றதில் அது ஒரு தடவை. பதினேழில் இரண்டு தடவை.

அவனுக்குப் பொறி தட்டியது. இடைவேளை முடிந்தது என்று சங்கு ஊதும்போது மேஸ்திரி இன்னும் தூங்குகிறான். சங்கு அவன் காதில் விழவில்லை. அவனைப் பொறுத்தவரை இன்னும் இடைவேளைதான். பதினேழில் மட்டும் யாரோ இரண்டாவது தடவை ஊதியிருக்கிறார்கள். அப்போது மேஸ்திரி விழித்திருந்தான்.

சங்குக்குக் காத்திராதே, எழுந்ததும் நீயே போய்த் தடை இருக்கிறதா என்று கேள். இதுதான் மருந்து. நாலே வரி. எழுதினான், கட்டினான், கெட்ட மெஷினில் ஏற்றினான். மூடினான். திறந்தான்.

இரண்டாயிரத்து நானூறு.

அடுத்தது. அதுவும். அதற்கடுத்தது... அதுவும்!

மேஜையில் ஓங்கித் தட்டினான். பழக்கதோஷம், எதிர் ஸ்டூலைப் பார்த்துக் கத்திவிட்டான்.

"பாத்தியாடா ஊதி!"

மழை நின்றிருந்தது. கடை முழுக்க அமைதி.

பதினேழின் ஃபேன் நின்றது. திரை அணைந்தது.

அவன் காதுக்குப் பின்னால்...

ஃபூ.

முடி அசைந்தது.

ஃபூ.

செருப்பைப் போடாமல் தெருவுக்கு ஓடியவன், அக்கா வீட்டுப் படியில்தான் நின்றான்.

மாமாவைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்து மீதி மெஷின்களைச் சரிசெய்தான். பதினேழை ஓட்டிப் பார்த்ததை மட்டும் அவரிடம் சொன்னான், காதுக்குப் பின்னால் கேட்டதைச் சொல்லவில்லை. காலையில் வண்டியில் ஏற்றும்போது பதினேழு மட்டும் எழவே இல்லை. எவ்வளவு அழுத்தியும் ஒரு விளக்குகூட எரியவில்லை. முப்பத்தொன்பது போய்ச் சேர்ந்தது. எல்லாம் பறந்தன. டீச்சரம்மா போனிலேயே கும்பிட்டாராம்.

அதன் பிறகுதான் மாமா பதினேழைக் கவிழ்த்தார். அடியில் சிவப்பு டேப். தூசி படிந்து, ஓரம் கூடப் பெயராமல் ஒட்டியிருந்தது. அதில் 'ஊ' என்று ஒரு எழுத்து.

"ஏன்டா, இதையா நேத்து ஓட்டுனேன்னு சொல்ற?"

"ஆமா மாமா. இதை வச்சுத்தான் கண்டுபுடிச்சேன்."

"கண்ணு அவிஞ்சு போச்சா? இதுல ப்ராசஸரே கிடையாது."

நெட்டையன் ஸ்க்ரூவைக் கழற்றினான். மூடியைத் தூக்கினான். ப்ராசஸர் உட்காரும் சாக்கெட் காலியாக இருந்தது. சின்னச் சின்னத் துளைகள், வரிசை வரிசையாக. உள்ளே எங்கும் தூசி. சாக்கெட் மட்டும் இப்போதுதான் ஊதிவிட்ட மாதிரி பளிச்சென்று இருந்தது.

"எங்க மாமா அது?"

அவர் மெஷினைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவன் மகளுக்குன்னு இந்த மெஷினைத்தான் எடுத்து வச்சிருந்தான். ப்ராசஸரக் கழட்டி, காகிதத்துல சுத்திச் சட்டைப் பையில போட்டுக்கிட்டான். டீ குடிச்சிட்டு வந்து சுத்தம் பண்ணி மாட்டுறேன்னான்..." அவர் மூடியைத் திரும்ப வைத்தார். "அந்தச் சட்டையோடதான்டா அவனை மண்ணுல வச்சோம்."

பதினேழில் எடுத்த பதிவு இன்னும் நெட்டையனிடம் இருக்கிறது. என்னிடமும் காட்டினான். மெஷினின் சீரியல் எண் மேலே இருக்கிறது, அந்த வரி இரண்டு தடவை இருக்கிறது. நானே எண்ணிப் பார்த்தேன். அது எப்படி வந்தது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

வேறு லேப்டாப் தருகிறோம் என்று பள்ளிக்குச் சொல்லி அனுப்பினார்கள். ஊதியின் மகள் வேண்டாம் என்றுவிட்டாள். "அப்பா எனக்குப் பதினேழுன்னு சொன்னாரு, அது வரட்டும்" என்றாளாம். அந்த மாடல் ப்ராசஸர் எங்கேயும் கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதை மாட்டிப் பவரை அழுத்த கடையில் ஆளில்லை.

அந்தப் பிள்ளைக்கு ஒரு லேப்டாப் இன்னும் பாக்கி.