ஸாஸியாவின் மத்தியான நடை

“சில்வண்டு எப்ப பாட்டை நிறுத்தும்?”

“தூக்கம் வந்தா.”

“உனக்குத்தான்டா தூக்கம் வருது. அடுத்தவன் சொல்லு.”

“ஷெஹீலிக் காத்து வர்றதுக்கு முன்னாடி.”

“இந்தா, உனக்கு ஒரு துண்டு.”

வெயில் தாழ்ந்ததும் என் தங்கை ஸாஸியா தெருமுனையில் தர்பூசணியை அறுத்து வைத்துக்கொண்டு இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள். சரியாகச் சொன்ன பிள்ளைக்குப் பெரிய துண்டு, தப்பாகச் சொன்னதற்குச் சின்னது. வெறுங்கையோடு யாரையும் அனுப்ப மாட்டாள். எறும்புப் புற்று, நிழல் விழும் பக்கம், அத்திப்பழம் பழுக்கும் காலம், மணலில் குழி தோண்டி ஆடும் கர்ப்கா ஆட்டத்தின் சட்டங்கள், இவற்றில் அவளிடம் இல்லாத கேள்வி கிடையாது. நானும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்போடு நின்றவர்கள்தான். ஆனால் அவள் கண் பார்த்ததை என் கண் பார்த்ததில்லை. அவளுடைய அக்கா என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எப்போதும் பெருமை.

வருடத்தின் மற்ற மாதங்களில் அவள் பேரீச்சம்பழம் தரம் பிரிக்கும் கொட்டகையில் வேலை பார்த்தாள். கோடையில் கொட்டகை மூடியிருக்கும். அப்போது அவளுக்கு வேறொரு வேலை உண்டு. அது பெரியவர்களுக்கு மட்டும் தெரியும்.

பாலைவன ஓரத்து ஊரான எங்கள் நெஃப்தாவில் கோடை மத்தியானத்தில் பிள்ளைகள் வெளியே போனால் மத்தியானக் கிழவி பிடித்துக்கொள்வாள். ஒவ்வொரு தெருவிலும் ஒரு பெண் அந்தக் கிழவியாக நடப்பாள். எங்கள் தெருவுக்கு ஸாஸியா. முகத்தை மூடிக்கொண்டு, ஒரு ஈச்சமட்டையைத் தரையில் இழுத்தபடி போவாள். மரக்கரண்டியால் கதவைத் தட்டுவாள். வீட்டில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை தட்டு. உள்ளேயிருந்து தாய், “தூங்குது” என்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் போர்வைக்குள் நடுங்குவார்கள். சாயங்காலம் அதே பிள்ளைகள் தைரியமாகப் பாடுவார்கள்:

மத்தியானக் கிழவி, செருப்பு எங்கே போச்சு?
மணலுக்குள்ளே போச்சு, மழை வந்தா முளைக்கும்.

தர்பூசணி விதையைத் துப்பிக்கொண்டே ஸாஸியாவும் கூடச் சேர்ந்து பாடுவாள்.

இந்த நடையை அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். காரணம் தெருவுக்கே தெரியும் என்பதால் யாரும் கேட்கவில்லை. அவளுக்கு நெஜ்மா என்று ஒரு மகள் இருந்தாள். ஆறு வயது. ஒரு ஷெஹீலி நாளில், எல்லாரும் உறங்கும்போது, தோப்புக்கு விளையாடப் போனாள். பாலையிலிருந்து வரும் அந்தக் காற்று அடுப்பு வாயைத் திறந்தது போல இருக்கும். சாயங்காலம்தான் அவள் உடலைக் கண்டெடுத்தோம். அதன் பிறகு ஸாஸியாவின் புருஷன் தலைநகரத்துக்குப் போய்விட்டான். ஸாஸியா என்னோடு வந்து சேர்ந்தாள்.

நான் சொல்ல வந்த நாளுக்கு முந்தின மாலை அவள் ஒரு கேள்வி போட்டாள். “தவளை மத்தியானம் எங்க போகும்?” ஒருவருக்கும் தெரியவில்லை. எதிர்வீட்டு துரய்யாவின் நடுப்பெண் ஷாதியா, “நான் நாளைக்குச் சொல்றேன்” என்றாள். “சொன்னா தர்பூசணியோட நடுச்சதை முழுசும் உனக்கு” என்றாள் ஸாஸியா.

அன்று தட்டுமுட்டுகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கும்போது ஸாஸியாவின் கால் பிசகியது. மறுநாள் காலை பானை போல் வீங்கிவிட்டது. எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டேன்.

“இன்னிக்கு நடை கிடையாது. சொல்லிட்டேன்” என்றேன்.

“ஒரு நாள் கிழவி லீவு போட்டா ஒண்ணும் ஆகாது. நீ ஏன் போலீஸ்காரி மாதிரி நிக்கிறே?”

மத்தியானம் சில்வண்டுகள் சட்டென்று பாட்டை நிறுத்தின. நான் விசிறியைக் கீழே வைத்தேன். காற்று கூரைக்கு மேலே உறுமியது. எங்கள் தெரு வளைவு போட்டு மூடிய தெரு. அதனால் காற்று உள்ளே இறங்கவில்லை. மணல்கூட அசையவில்லை.

அப்போது தெருக்கோடியில் ஈச்சமட்டை இழுபடும் சத்தம் கேட்டது.

ஒரு கதவு தட்டப்பட்டது. “தூங்குது” என்று ஒரு பெண் குரல். இழுபடும் சத்தம். அடுத்த கதவு.

“உனக்குப் பதிலா யாரோ போறாங்க” என்றேன்.

“நான் யார்கிட்டயும் சொல்லலையே.” ஸாஸியா முழங்கையை ஊன்றி எழுந்தாள். அவளுடைய கரண்டி ஆணியில் தொங்கியது. மட்டை மூலையில் சாத்தியிருந்தது. நானே போய்த் தொட்டுப் பார்த்தேன்.

சத்தம் துரய்யா வீட்டுக்கு வந்தது. தட்டு கதவின் மேற்பகுதியில் விழவில்லை. தாழ, அடிப்பலகையில் விழுந்தது. இரண்டு தட்டு. துரய்யா தூக்கக் கலக்கத்தில், “தூங்குது, தூங்குது” என்றாள்.

ஸாஸியா என் கையைப் பிடித்தாள். “அக்கா, அவளுக்கு மூணு பிள்ளைங்க.”

நான் வாயைத் திறப்பதற்குள் எங்கள் கதவு தட்டப்பட்டது. அதே அடிப்பலகையில். ஒரே ஒரு தட்டு.

எங்கள் வீட்டில் பிள்ளைகள் இல்லை.

ஸாஸியாதான் முதலில் எழுந்தாள். கட்டுப் போட்ட காலோடு போய்க் கதவைத் திறந்தாள். தெருவில் ஒருவரும் இல்லை. எதிர்வீட்டுக் கதவை இரு கையாலும் அறைந்தாள்.

துரய்யா தலைமுடியை முடிந்தபடி வந்தாள். “கால் உடைஞ்சும் உங்களுக்கு ஊர் சுத்தணுமா, ஸாஸியாக்கா? அதான் தூங்குதுன்னு சொன்னேனே.”

“ஷாதியா எங்கே?”

“உள்ளேதான்.”

“போய்ப் பாருடி.”

உள்ளே போன துரய்யா திரும்பி வரவில்லை. அவள் குரல் மட்டும் வந்தது. ஷாதியாவின் போர்வைக்கடியில் தலையணை இருந்தது.

“தவளையைத் தேடிப் போயிருக்கா” என்றாள் ஸாஸியா. “நான்தான் அனுப்பியிருக்கேன்.”

நான் தடுக்கவில்லை. தடுத்தாலும் நின்றிருக்க மாட்டாள். குடத்தில் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தோப்பில் காற்று கண்ணைத் திறக்க விடவில்லை. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு என் தங்கை போன வேகத்துக்கு நானும் துரய்யாவும் ஈடுகொடுக்க முடியவில்லை. அவள் எந்தப் பக்கமும் திரும்பிப் பார்க்கவில்லை. வற்றிய வாய்க்காலில் இறங்கி, வாழைகள் நெருங்கி நிற்கும் வளைவுக்கு நேராகப் போனாள். அது எந்த இடம் என்று எனக்குத் தெரியும். நெஜ்மாவைக் கண்டெடுத்த அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு அவள் அங்கே கால் வைத்ததில்லை.

ஷாதியா வாழையடியில், ஈரச் சேற்றில் கால்களைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்திருந்தது. நினைவு இருந்தது. துரய்யா அவளை அள்ளி எடுத்தாள். நான் துணியை நனைத்துத் தலையில் போட்டேன்.

“தவளை சேத்துக்குள்ள இருக்கு, ஸாஸியாக்கா” என்றாள் ஷாதியா. “நடுச்சதை எனக்குத்தான்.”

அவளுக்கு முன்னால் மண்ணில் கர்ப்காக் குழிகள் இருந்தன. ஒரு பக்கம் கூழாங்கல், எதிர்ப்பக்கம் பேரீச்சங்கொட்டை. ஆட்டம் பாதியில் நின்றிருந்தது.

“யாரோட ஆடினே?” என்று ஸாஸியா கேட்டாள்.

“ஒரு பொண்ணு. என்னைவிடச் சின்னவ. வீட்டுக்குப் போறேன்னேன். வெயில்ல நடக்காதே, சேத்துல காலை வெச்சு உட்காருன்னா. நான் போய்ச் சொல்லிட்டு வர்றேன், அம்மா வருவாங்கன்னா.”

“உன் அம்மாவா?”

“இல்ல. அவளோட அம்மா.”

துரய்யா ஏதோ ஓத ஆரம்பித்தாள். ஸாஸியா குனிந்து, கொட்டை வைத்திருந்த பக்கத்துக்கு எதிரே ஒரு கல்லை மட்டும், தன் முறை வந்தது போல, நகர்த்திவிட்டு எழுந்தாள்.

தெருவுக்குத் திரும்பியபோது ஈச்சமட்டை இழுபட்ட தடம் மணலில் அப்படியே இருந்தது. நான் குனிந்து ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோடியில் தொடங்கி, துரய்யா வாசலில் கொஞ்சம் வளைந்து, எங்கள் வாசற்படியில் வந்து முடிந்தது. திரும்பிப் போன தடம் இல்லை. தெருக்கோடிவரை மறுபடி போய்ப் பார்த்தேன். இல்லை.

ஸாஸியாவும் பார்த்தாள். படியைத் தாண்டும்போது ஒரு பக்கமாக ஒதுங்கி, யாருக்கோ இடம் விட்டு உள்ளே போனாள்.

கால் குணமானதும் நடையை மறுபடி தொடங்கினாள். இன்றும் போகிறாள். இப்போது நொண்டல் இருப்பதால் பிள்ளைகளுக்குப் பயம் இன்னும் கூடியிருக்கிறது. துரய்யா மூன்று தட்டையும் விரல் விட்டு எண்ணி, மூன்று பாயையும் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறாள்.

எல்லா வீடும் முடிந்தபின் ஸாஸியா எங்கள் கதவுக்கு வருவாள். குனிந்து, அடிப்பலகையில் ஒரு தட்டு.

அவளுடைய பழைய பாய்க்குப் பக்கத்தில் விரித்திருக்கும் சின்னப் பாயை ஒருமுறை பார்த்துக்கொண்டு, நான் உள்ளேயிருந்து சொல்வேன்.

“தூங்குது.”