கேட்டால்தான் சொல்ல வேண்டும்

கிளினிக் வேன் ஓட்டுகிறவருக்கு நாற்பத்தாறு வயது. பத்தொன்பது வருடமாக அதே ஸ்டியரிங்தான். எல்லா டாக்டர்களும் அவரை "டிரைவர் அண்ணே" என்பார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த டாக்டர்கூடக் கூச்சமே இல்லாமல் அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

வீட்டில் வேறு கதை. பேசிக்கொண்டிருக்கும்போதே பாதி வார்த்தையில் நின்றுவிடுவார். கண் திறந்திருக்கும், ஆள் இருக்கமாட்டார். "அப்பா ஹேங் ஆயிட்டாரு" என்று அவருடைய பதினான்கு வயது மகள் உடனே அறிவிப்பாள். அவளை வாலு என்று கூப்பிடுவார்கள். வைத்த பேர் இல்லை, அவளாக உழைத்துச் சம்பாதித்த பேர். அப்பா ஹேங் ஆனால் அவளுக்குக் கொண்டாட்டம். தலையிலிருந்து கிளிப்பைக் கழற்றி அப்பாவின் காதில் மாட்டுவாள், காலரில் மாட்டுவாள், ஒருமுறை மீசையிலேயே மாட்டினாள். அவர் ஒன்றும் தெரியாமல் வேலைக்குக் கிளம்பிப்போய், டாக்டர்கள் சிரித்த பிறகுதான் தடவிப் பார்ப்பார். மனைவிக்கோ இது நோயாகவே படவில்லை. "நான் பேசினா எல்லா புருஷனுக்கும் இப்படித்தான் காது அடைக்கும்" என்று விட்டுவிட்டாள்.

அன்று ஆறு சின்ன கிளினிக்குகளிலிருந்து ஆறு டாக்டர்களைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி வந்திருந்தார். பெரியவர்களுக்கு வரும் வலிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒருநாள் பயிற்சி. வருடத்துக்கு இத்தனை மணி நேரம் படித்தால்தான் டாக்டர்களுக்கு உரிமம் நிலைக்கும். படித்து முடித்தவர்களையும் விடாமல் படிக்க வைக்கிறார்களே என்று டிரைவருக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. காலையில் ஹாலின் கடைசி நாற்காலியில் அவரும் உட்கார்ந்திருந்தார். வெளியே வெயில், உள்ளே ஏசி, வேறு காரணம் இல்லை. வலிப்பு வந்தவர் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் ஸ்பூனைத் திணிக்காதீர்கள் என்று நரம்பு டாக்டரம்மா சொன்னதுவரை காதில் விழுந்தது. பிறகு தூக்கம்.

மதியம் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த டாக்டரம்மா வேகமாக இறங்கி வந்தார்.

"அண்ணே, நோயாளி மாதிரி நடிக்க ஒருத்தரை வரச்சொல்லியிருந்தோம். ஆளு வரல. உங்களுக்கு நடிக்க வருமா?"

"வீட்ல சாப்பாடு நல்லாருக்குன்னு பதினெட்டு வருஷமா நடிக்கிறேன் டாக்டர்."

மாட்டினார் மனிதர். மாடியில் ஜன்னல் ஓரம் ஒரு அறை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் மதிப்பெண் தாளோடு டாக்டரம்மா. என்ன நோய் என்று கேட்டுக் கண்டுபிடிக்க ஒவ்வொரு டாக்டருக்கும் எட்டு நிமிடம், பிறகு மணி அடிக்கும். சட்டம் ஒன்றே ஒன்று: கேட்டால்தான் சொல்ல வேண்டும். கேட்காததைத் தானாகச் சொல்லக் கூடாது.

அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். உதட்டை அசைத்துப் படித்தார். 'நாற்பது வயது ஆண். அடிக்கடி ஒரு நிமிடம் அசையாமல் நிற்பார். கூப்பிட்டால் பதில் வராது. வாயை மெல்லுவார், சட்டைப் பொத்தானை நோண்டுவார். பிறகு எதுவும் நினைவிருக்காது. தனக்கு ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறார். கண்ணால் பார்த்தவர்: மனைவி, வெளியே காத்திருக்கிறார். மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறார்.'

படித்து முடித்தபோது தன் சட்டையின் மூன்றாவது பொத்தானைத் தொட்டுப் பார்த்தார். அந்த ஒரு பொத்தானின் நூல் மட்டும் எல்லாச் சட்டையிலும் தளர்ந்து போகும். மனைவி திட்டிக்கொண்டே தைப்பாள். போன வாரம் சிக்னல் பச்சையாகிப் பின்னால் பத்து வண்டி அலறியது நினைவுக்கு வந்தது. ஏதோ யோசனை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். என்ன யோசனை என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

முதல் மணி அடித்தது.

முதல் டாக்டர் சர்க்கரை இருக்கிறதா என்றார். இரண்டாமவர் குடிப்பீர்களா என்றார். மூன்றாமவர்தான் அந்த மூத்தவர். தோளில் தட்டி, "டென்ஷனைக் குறைங்கண்ணே, எல்லாம் சரியாயிடும்" என்று சத்து மாத்திரை எழுதினார். யாரும் கேட்கவேண்டியதைக் கேட்கவில்லை. ஒவ்வொரு மணிக்கும் அவருக்கு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதி அவருக்கே பிடிக்கவில்லை. எழுந்து போகலாமென்றால் என்ன சொல்லிப் போவது? வாயைத் திறந்தால் பத்தொன்பது வருடச் சோறு போச்சு. மூடிக்கொண்டால், நாலு மணிக்கு இந்த ஆறு பேரையும் ஏற்றிக்கொண்டு மேம்பாலத்தில் ஏறவேண்டும். ஜன்னலுக்கு வெளியே வேன், துடைத்த கண்ணாடி பளபளக்க, சமர்த்தாகக் காத்திருந்தது.

நான்காவது, ஐந்தாவது மணியும் அடித்து ஓய்ந்தது.

ஆறாவதாக வந்தவள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதமே ஆன சின்ன டாக்டர். வேனில் எப்போதும் கடைசி சீட்டில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டுவாள். இப்போதும் நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இது நடக்கும்போது உங்களுக்கே தெரியாதுங்களா? அப்போ பக்கத்துல இருந்து பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

"எம் மக."

மூலையில் பேனா நின்றது. "அண்ணே, மனைவி" என்று டாக்டரம்மா மெதுவாக எடுத்துக்கொடுத்தார்.

"இல்லீங்க டாக்டர். மகதான்."

சின்ன டாக்டருக்குத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. "அப்போ அவங்களைக் கூப்பிடுங்க" என்றாள்.

அவர் போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மேசைமேல் வைத்தார். மணி அடிக்க வேண்டிய நேரம் தாண்டியது. யாரும் அடிக்கவில்லை.

"வாலு, இங்க டாக்டர் கேக்கறாங்க. நான் ஹேங் ஆவேன்ல, அதப் பத்திச் சொல்லு."

"ஐயோ, கிளிப்பு விஷயமா? இன்னிக்கு நான் ஒண்ணும் பண்ணலப்பா, சத்தியமா!"

"உங்களைத் திட்டக் கூப்பிடலம்மா" என்றாள் சின்ன டாக்டர். "அப்பா எவ்வளவு நேரம் அப்படி இருப்பாரு?"

"மூணு கிளிப்பு மாட்டற நேரம். நாலாவது மாட்டறதுக்குள்ள முழிச்சுப்பாரு."

"அப்போ என்ன பண்ணுவாரு?"

"சப்பு சப்புன்னு வாயை மெல்லுவாரு. பட்டனைத் திருகுவாரு. முழிச்சதும் கொஞ்ச நேரம் என் பேரே வராது, எல்லாரையும் 'ம்ம், ம்ம்'னு பாப்பாரு." சிரித்துக்கொண்டே சொன்னவள் நிறுத்தினாள். "எதுக்குக் கேக்கறீங்க? யாருமே சிரிக்கலையே. அப்பாகிட்ட குடுங்க. அப்பா?"

"ஒண்ணுமில்லடா. அப்புறம் பேசறேன்."

சின்ன டாக்டர் நோட்டை மூடினாள். கடைசிக் கேள்வி நோட்டில் இல்லாமலே வந்தது. "அண்ணே, நீங்க வண்டி..." என்று தொடங்கி, தானே ஜன்னல் பக்கம் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அவர் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். கையில் சாவி திணிக்காதே என்று காலையில் படித்தார்கள். மதியமே கையிலிருந்ததையும் வாங்கிக்கொண்டார்கள்.

"ஸ்கேன், மூளை டெஸ்ட் எல்லாம் எடுக்காம இதுக்குப் பேர் வைக்க முடியாதுண்ணே" என்றார் டாக்டரம்மா. "வலிப்பாவே இருந்தாலும் மாத்திரையில அடங்கறவங்க நிறைய பேரு. ஆனா அதுவரைக்கும் வண்டி வேண்டாம்."

"அதுக்கப்புறம்?"

"பாக்கலாம்" என்றார். டாக்டர்கள் பாக்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் வேனில் கேட்ட வார்த்தை.

நாலு மணிக்கு வேனை மூத்த டாக்டர் ஓட்டினார். ஒவ்வொரு கியருக்கும் வண்டி அழுதது. தன் வண்டியின் கடைசி சீட்டில், இந்தப் பக்கம் ஜன்னலும் அந்தப் பக்கம் சின்ன டாக்டருமாக, டிரைவர் அடைபட்டு உட்கார்ந்திருந்தார். மேம்பாலத்தில் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை.

"டென்ஷன் ஆகாதீங்கண்ணே" என்றார் மூத்தவர், கண்ணாடியில் பார்த்து.

"நீங்க ரோட்டைப் பாருங்க டாக்டர்."

வீட்டு வாசலில் வாலு நின்றிருந்தாள். முடி முழுக்கப் பிரிந்து முகத்தில் விழுந்திருந்தது. ஒரு கிளிப்புகூட இல்லை. அவர் இறங்கி வந்ததும் பையை வாங்கிக்கொண்டாள். கேலி இல்லை, கேள்வி இல்லை. அவருடைய கையைப் பிடித்து, கண் தெரியாதவரை நடத்துவதுபோல, மூன்று படியையும் ஒவ்வொன்றாக ஏற்றினாள்.

அவ்வளவு நல்ல பிள்ளையாக அவள் இருந்ததே இல்லை. அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.